றோஸி கதைப்பாளா என்று கேட்டதற்கு

என் மனைவி றோஸியின் கழுத்தில் ஒரு கட்டி. அதை எடுப்பதற்காக வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டியிருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்ல அனுமதி இல்லை என்று அவர்களே எழுத்தில் தந்திருக்கிறார்கள்.

கட்டி பெரிய கட்டி இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தால் குரலுக்குப் போகிற நரம்பு ஒன்று ஓடுகிறதாம். "வெட்டேக்க அதில பட்டா குரல் போயிரும். அநேகமாப் படாது. ஆனா சொல்லத்தான் வேணும்," என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் நல்ல மனுஷன். அந்த ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டவர்களில் எனக்கு ஏதாவது சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதையும் களுபோவிலயில் இருக்கிற தன்னுடைய வீட்டு முன்னறையில் வைத்துத்தான் சொன்னார்.

வேறு வீடுகளில் மனைவிக்குக் குரல் போனால் கவலைப்படுவார்கள். எங்கள் வீடோ அப்படியே நின்றுவிடும். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எழுத்துவேலை பார்க்கிற கிளாக். கப்பல் சாமான்களின் கடதாசிகளோடுதான் என் பிழைப்பு. கடதாசி திருப்பிக் கதைக்காது, அது எனக்கு வசதி. கொட்டாஞ்சேனையில் வீட்டுக்காரனோடு கதைப்பது றோஸி. மீன்காரனோடு, மின்சார சபையோடு, பங்குச் சுவாமியோடு, கனடாவில் இருக்கிற மகன் அனுஜனோடு கதைப்பதும் அவள்தான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். கல்யாணத்திலும் அப்படித்தான். சுவாமி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அவளே முந்திக்கொண்டு சம்மதம் என்றுவிட்டாள்.

அட்மிஷன் மேசையில் இருந்த பெடியன் கேட்டான்: "ரிசல்ட்டை யாருக்கு டெல் பண்ணவேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் றோஸி பதில் சொல்லிவிட்டாள். "எனக்குத்தான். இவருக்கு ஒண்டும் சொல்லிராதீங்க, பயந்து போயிருவார். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. நான் இவருக்குப் பக்குவமா சொல்லிக்கிறேன்."

பெடியன் கம்பியூட்டரில் தட்டினான். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு அன்றைக்கு முழுக்கக் கிடந்து அனுபவித்தேன்.

காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மத்தியானமும் வந்து போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கனடாவில் நடுச்சாமம், அனுஜன் தூங்காமல் வாட்ஸ்அப்பில் "அம்மா எப்படி" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கே தெரியாததை அவனுக்கு என்ன எழுதுவது. கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவன் அழத் தொடங்கிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகிற வழியில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை தொங்கியது. ஆங்கிலத்தில் மேலிருந்து கீழ்வரை எழுத்து. இந்த ஆஸ்பத்திரியில் யார் டோக் பண்ணலாம், யார் ஸ்பீக் பண்ணலாம், யார் சே, யார் டெல், மென்ஷன் யாருக்கு, இன்போம் யாருக்கு, டிஸ்கஸ் எந்த அறையில், கவுன்சல் எந்த மாடியில் என்று எல்லாம் வகுத்திருந்தார்கள். அதற்குக் கீழே சிங்களத்தில் ஒரு வரியும் தமிழில் ஒரு வரியும் இருந்தன. தமிழ் வரி, "சத்தம் போடாதீர்" என்றது.

பலகைக்கு உரை சொன்னவர், பக்கத்துக் கதிரையில் இருந்த ஜாபிர். மாளிகாவத்தையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவர். அவருடைய உம்மா சில நாளாக உள்ளே. அதனால் ஆள் இந்த விஷயத்தில் பழுத்துப் போயிருந்தார்.

"அண்ணே, இங்க என்ன சொல்றாங்கன்டு பாக்க வாணாம்," என்றார். "எதுக்குக் கூப்புடுறாங்கன்டு பாருங்க. டோக் பண்ண வாங்கன்டா ஒன்டுமில்ல, பயமில்லாமப் போகலாம். இன்போம்ன்டா பில்லு வந்தீக்கிது. டிஸ்கஸ்ன்டா இன்னொருக்கா வெட்டப் போறாங்க. கவுன்சல்ன்டு கூப்புட்டா…"

"கூப்பிட்டா?"

"அந்த ரூம்ல சோபா ஈக்கிது அண்ணே. டிஷ்யூ பெட்டி ஈக்கிது. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

"உங்கட உம்மாவுக்கு?"

"மொதல்ல டோக். பொறகு இன்போம். இன்டைக்குக் காலைல டிஸ்கஸ்," என்றார் ஜாபிர். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

றோஸி கதைப்பாளா, மாட்டாளா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். எழுந்து டோக் கவுண்டருக்குப் போனேன்.

அங்கே ஷாமில் என்று நெஞ்சில் பெயர் குத்திய ஒரு வாலிபன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாங்க அங்கிள், என்ன கதைப்பம்?"

"என்ட மனிசி றோஸி. கழுத்தில ஒப்பரேஷன். முடிஞ்சுதா? குரல் இருக்கா?"

"ஐயோ அங்கிள், அதைக் கதைக்க ஏலாது. பேஷண்டைப் பற்றி வந்தாலே அது டோக் இல்ல. டோக் எண்டா பொதுவாக் கதைக்கிறது. எவ்வளவு நேரம் எண்டாலும் கதைக்கலாம், நான் அஞ்சு மணி வரைக்கும் ஃப்ரீ. வெயிலைப் பற்றிக் கதைப்பமா? கிரிக்கெட்? அங்கிள் எங்க, கொட்டாஞ்சேனையா? ஆமர் வீதியில டிரபிக் இப்ப எப்பிடி?"

வீட்டில் வாய் திறக்காத நான், வெட்கக்கேடு, ஆமர் வீதி டிரபிக்கைப் பற்றி அவனோடு கதைத்தேன். கதைத்துக்கொண்டே இருந்தால் நடுவில் ஏதாவது நழுவ விடுவான் என்று நப்பாசை. அவன் ஒரு சொல் நழுவவிடவில்லை. நல்ல பயிற்சி. முடிவில் ஒரு திரையை என் பக்கம் திருப்பி, இந்த டோக் எனக்குத் திருப்தியா என்று கேட்டான். சிரிக்கிற மூஞ்சியும் அழுகிற மூஞ்சியும் இருந்தன. நான் அழுகிற மூஞ்சியை அமத்தினேன். "தாங்க்யூ அங்கிள்," என்றான் அதே பல்லோடு.

திரும்பி வருகிற வழியில் ரொஷேலைக் கண்டேன். எங்கள் பங்குப் பிள்ளை. பூசையில் றோஸிக்குப் பின் வரிசையில் இருக்கும். இங்கே நேர்ஸாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. கடவுளே வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

"பிள்ள, றோஸி அன்ரிக்கு என்ன மாதிரி?"

அவள் தன் நெஞ்சில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டினாள். 'சே' என்று எழுதியிருந்தது.

"அங்கிள், எனக்கு இதுக்கு மட்டும்தான் பெர்மிஷன். நான் சும்மா வாயால சொல்லலாம். ஆனா ஒரு ஆளுக்குச் சொல்லக்கூடாது. ஆளுக்குச் சொன்னா அது டெல் ஆகிரும்." சுற்றுமுற்றும் பார்த்தாள். "போன கிழமை ஒரு மிஸ்ஸி, பேஷண்ட் கஞ்சி குடிச்சதை லிஃப்டில மென்ஷன் பண்ணிட்டா. இப்ப அவவை கார் பார்க்கில டிக்கட் குடுக்கப் போட்டிருக்கிறாங்க."

"அப்ப சும்மா சொல்லு பிள்ள. எனக்குச் சொல்லாத. நான் அங்கால பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பாவம், நல்ல மனசு. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினேன். எனக்கு நெஞ்சு அடித்த அடியில் காது கேட்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"கழுத்தில ஒப்பரேஷன் செய்த ஒரு அன்ரி," என்று சுவருக்குச் சொன்னாள் ரொஷேல், "தியேட்டர்ல இருந்து வெளியில வந்த உடனே…"

டக் டக் என்று குதியுயர்ந்த செருப்புச் சத்தம்.

"…தலகணியை ஒசத்தி வைக்கிறது நல்லது," என்று சொல்லி முடித்துவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

வந்தவர் திருமதி சுதர்சினி. கொமியூனிகேஷன் எக்ஸலன்ஸ் பிரிவின் தலைவி. நல்ல கொட்டன் சாறி, கையில் டப் என்கிற தட்டைக் கம்பியூட்டர். என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், குளிரில் இருத்தி, தன் பிரிவைப் பற்றி எனக்கு விளக்கினார். நான் என் மனைவியைப் பற்றிக் கேட்டதற்குத்தான் அது பதில் என்று நினைக்கிறேன்.

"மிஸ்டர் ஹியூபேட், முந்தி இந்த ஆஸ்பத்திரி எப்பிடி இருந்தது தெரியுமோ? டொக்டர் வெளியில வந்த உடனே சொந்தக்காரர் சூழ்ந்திடுவினம். அவரும் கதவடியிலயே நிண்டு சொல்லிப்போடுவார். நேர்ஸ் சொல்லுவா. தள்ளுவண்டில் தள்ளுறவன்கூடச் சொல்லுவான். சனம் உடனடியா விஷயத்தை அறிஞ்சுகொண்டு வீட்ட போயிடும். ஒரு ஒழுங்கு இல்லை. நாங்கள் அதை நிப்பாட்டினம். ஆங்கிலத்தில கதைக்கிறதுக்கு எத்தினை சொல் இருக்குது எண்டு பாருங்கோ. ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலை. நாங்கள் தமிழ் ஆக்கள் எல்லாத்தையும் ஒரே கதையாக் கதைச்சுப் பழகிப்போனம். இப்ப எங்கட இடத்தில ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஆள், ஒரு அறை, ஒரு நேரம். போன வருஷம் பிழையான தகவல் குடுத்தது எண்டு ஒரு முறைப்பாடு இல்லை."

"தகவல் குடுத்ததோ மேடம்?"

"அதுதான் சொல்லுறன். ஒரு முறைப்பாடும் இல்லை," என்றார் திருமதி சுதர்சினி.

"மேடம், என்ட மனிசி கதைப்பாவா?"

அவர் டப்பைத் தடவினார். முகம் மலர்ந்தது. "உங்கட விஷயத்தில டெல் முடிஞ்சுது."

"யாருக்கு?"

"மிஸிஸ் றோஸிக்கு. லிஸனர் எண்டு அவவின்ட பேர்தானே பதிவு. டொக்டர் ரிக்கவரியில வைச்சு முறையா டெல் பண்ணியிருக்கிறார்."

"அவ மயக்கத்தில இருந்திருப்பாவே."

"ஓம். ஆனா அவ மறுப்பு ஒண்டும் தெரிவிக்கேல்லை. தலையை ஆட்டினவ எண்டும் குறிப்பு இருக்குது."

"வண்டில்ல வைச்சுத் தள்ளினா யாருக்கும் தலை ஆடுந்தானே மேடம்."

திருமதி சுதர்சினி என்னை அனுதாபத்தோடு பார்த்தார். அனுதாபத்துக்கும் ஏதோ பயிற்சி எடுத்திருப்பார் போல.

"சரி மேடம், அவவுக்கு என்ன சொன்னீங்க? அதையாவது எனக்குச் சொல்லுங்கோ."

"அதைச் சொன்னா ரெண்டாந்தரம் டெல் பண்ணினதாப் போயிடும். ஒரு பேஷண்டுக்கு ஒரு டெல்தான். நீங்கள் அவவிட்டயே கேட்டு அறியலாம்."

"அவவிட்ட கேட்டா, அவ பதில் சொல்லுவாவா? அவவுக்குக் குரல் இருக்கா?"

"அதைத்தானே நாங்கள் அவவுக்கு டெல் பண்ணினது," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தால் அதைக் கதைத்துத் தீர்ப்பதும் றோஸிதான். என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப உங்களுக்கு மிஞ்சியிருக்கிறது கவுன்சல் மட்டும்தான்," என்றார் திருமதி சுதர்சினி. "கொஞ்ச நேரத்தில நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்."

கவுன்சல். எப்படி வெளியில் வந்தேன் என்று ஞாபகம் இல்லை. கதிரையில் வந்து இருந்தேன். ஜாபிர் என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்குக் கூப்புட்டாங்க அண்ணே?"

சொன்னேன்.

அத்தனை நேரம் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த மனுஷன் ஒன்றுமே சொல்லவில்லை. நகர்ந்து இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை சில்லென்று இருந்தது. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சும்மா ஒரு பொய்யாவது. அந்தச் சும்மா இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ரிக்கவரி அறை நான் இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு கதவு, அதில் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்கும் திரை. அங்கே றோஸி கிடக்கிறாள். குரல் போயிருந்தால் அது அவளுக்குத் தெரியுமா? கண் விழித்து, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளா? இனி வீட்டில் நான்தான் கதைக்க வேண்டுமா? எனக்குக் கதைக்கத் தெரியாதே. அவளுக்கும் சேர்த்து நான் எப்படிக் கதைப்பேன்? இல்லை, குரல் மட்டுமா? அதற்கு மேலும் ஏதாவதா? குரல் மட்டும் போயிருந்தால் போதும் என்று நேர்ந்துகொள்ளத் தொடங்கிவிட்டேன். வந்தபோது வைத்திருந்த ஆசை எப்படிச் சுருங்கிவிட்டது பாருங்கள்.

திருமதி சுதர்சினி வந்தார். மேலே கூட்டிக்கொண்டு போனார். ஜாபிர் சொன்னது சரி. சோபா இருந்தது. டிஷ்யூ பெட்டி இருந்தது. மெதுவான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"முதல்ல ஒரு மூச்சு எடுங்கோ," என்றார்.

எடுத்தேன்.

"இந்த நேரத்தில உங்கட மனசில என்ன இருக்குது எண்டு ஷெயர் பண்ணுங்கோ."

"மேடம், அவ உயிரோட இருக்கிறாவா?"

"நல்லது. பயம் எண்டு எழுதுறன்," என்று டப்பில் எழுதினார். "வேற?"

நான் எழுந்தேன். "மிஸ்டர் ஹியூபேட், நாங்கள் இன்னும் தொடங்கேல்லை," என்று அவர் சொன்னது பின்னால் கேட்டது. படிகளில் இறங்கினேன். ஷாமில் சிரித்தான், அவனைத் தாண்டினேன். ரிக்கவரிக் கதவுக்கு முன்னால் நின்ற செக்யூரிட்டிக்காரர் கையை நீட்டி, "மஹத்தயா, கதா கரன்ன எபா," என்றார், கதைக்க வேண்டாமென்று. நான் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கதைத்திருக்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அவருக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து, கத்தினேன்.

"றோஸீ…"

என் குரல் எனக்கே தெரியாத குரலாக இருந்தது. நடைபாதை முழுக்கப் போய் எங்கோ முட்டி நின்றது. கதவுகள் திறந்தன. யாரோ ஒரு ட்ரேயைக் கீழே போட்டார்கள். செக்யூரிட்டிக்காரர் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மறுபடியும் கத்தினேன். இந்தத் தடவை குரல் நடுவில் உடைந்துவிட்டது.

ஒன்றும் இல்லை. திரை அசையவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். செக்யூரிட்டிக்காரர் என் தோளைப் பிடித்தார். தள்ளுவதற்குப் பிடித்தாரா, தாங்குவதற்குப் பிடித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், கரகரவென்று, துருப்பிடித்த இரும்புக் கேற்றை இழுப்பதுபோல ஒரு குரல் வந்தது.

"யாரு… இவரா கத்துறார்?"

நான் கதவில் நெற்றியை வைத்து அழுதேன். மறைக்கவில்லை. சத்தமாகவே அழுதேன்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க," என்றது குரல், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "இது ஆஸ்பத்திரி."

பின்னால் மூச்சு வாங்க வந்து நின்றார் திருமதி சுதர்சினி. "மிஸ்டர் ஹியூபேட், இதை நீங்கள் கேட்கேல்லை எண்டு வைச்சுக்கொள்ளுவம்," என்றார். "இது டெல் இல்லை, சே இல்லை, எங்கட எந்த வகையிலயும் இது சேராது. இன்னும் உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"ஓம் மேடம்," என்றேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். செக்யூரிட்டிக்காரர் அந்த நேரம் பார்த்துச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார்.

றோஸி உயர்த்தி வைத்த தலகணியில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் பெரிய கட்டு. முகம் வெளிறிப்போயிருந்தது. கண் மட்டும் அவளுடைய கண்.

"டொக்டர் ஏதோ வந்து சொன்னார்," என்றாள். "கனவு மாதிரி இருந்துச்சு. நரம்புக்கு ஒண்டும் இல்லையாம். கொஞ்ச நாளைக்குக் கரகரக்குமாம். நீங்க பயப்படாதீங்க."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அதற்குள் திருமதி சுதர்சினியும் கட்டில் பக்கத்துக்கு வந்துவிட்டார். கவுன்சல் ஒன்று தொடங்கினால் அதை முடிக்காமல் விடக்கூடாதாம். நான்தான் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்திருந்தேன். மூச்சு எடுக்கச் சொன்னதிலேயே தொடங்கிவிட்டதாம். டப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இதற்கென்றே வைத்திருந்த மெதுவான குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"அன்புள்ள மிஸ்டர் ஹியூபேட். உங்கட மனைவி தற்போது ஸ்பீக் பண்ண இயலாத நிலையில் இருக்கிறா எண்டதை மிகுந்த கவலையோட…"

"யாருங்க இவ?" என்றாள் றோஸி.

திருமதி சுதர்சினி நிறுத்தினார். டப்பைப் பார்த்தார். றோஸியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது அவ மயக்கத்தில இருக்கேக்க எழுதி எப்ரூவ் பண்ணினது," என்றார் தாழ்ந்த குரலில். "திருத்திறதெண்டா திரும்பக் கமிட்டிக்குப் போகவேணும். நான் வாசிச்சு முடிக்குமட்டும் பேஷண்டைக் கொஞ்சம் கதைக்காமல் இருக்கச் சொல்லுங்கோ, மிஸ்டர் ஹியூபேட். அவ இப்பிடிக் கதைச்சுக்கொண்டிருந்தா நான் வாசிக்கிறது பிழையாப் போயிடும்."

அவர் கேட்டது பெரிய உதவி இல்லை. எவ்வளவு பெரிய படிப்புப் படித்த பெண், என்னிடம் கெஞ்சுகிற மாதிரித்தான் நின்றார். இரண்டு நிமிஷம் றோஸி வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். நானும் வாழ்க்கை முழுக்க யார் எதைக் கேட்டாலும் தலையாட்டி வந்தவன்.

"நீ கதை, றோஸி," என்றேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு அந்த உடைந்த குரலோடு கதைக்கத் தொடங்கினாள். காலையிலிருந்து சேட்டுப் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை முழுக்கத் திரிந்திருக்கிறேனாம்.